ரெண்டரை நூல் வேறு, எட்டு மில்லி வேறு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் பழைய ஹெரால்டு காரின் பின்பக்க வலது மூலையில் மிச்சமிருந்த கடைசி போல்ட்டை விரலாலேயே ஏற்றினேன். ஆறு சுற்று தடையில்லாமல் போனது. அப்புறம்தான் ஸ்பானரைக் கையில் எடுத்தேன். இந்த ஆறு சுற்றுக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது. எங்கே தவறினேன், எங்கே சரியான சாமான் கிடைத்தது, எவ்வளவு செலவானது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். பழைய காரைக் கழற்றிப் போட்டுவிட்டு போல்ட் தேடி அலைகிற யாருக்காவது இது உதவும்.

வண்டி என் பெரியப்பா வாங்கியது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு. இங்கிலாந்து டிரையம்ஃப் ஹெரால்டுக்கு ரெண்டு கதவுதான். நாலு கதவு நம் நாட்டில் மட்டும் வந்தது. பெரியப்பா காலமான பிறகு சிந்துபூந்துறை வீட்டுக் கொட்டகையில் சாக்குப் போர்த்தி நின்றது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் கொட்டகைக்குள் ஏறி சீட் வரைக்கும் நின்றது. தண்ணீர் வடிந்தபோது சேஸின், அதாவது அடிச்சட்டத்தின், ஒவ்வொரு துளையிலும் வண்டல் அடைத்திருந்தது. அது காய்ந்து சிமெண்டு மாதிரி ஆகிவிட்டது. உள்ளேயிருந்த போல்ட்டுகள் கதி என்னவாகியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

ஹெரால்டில் போல்ட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், அதன் உடம்பு ஒரே துண்டாக வெல்டிங் செய்தது இல்லை. தனிச் சேஸ், அதன் மேல் முன் பாதி, பின் பாதி, பக்கவாட்டுப் படிகள், முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் பானெட் எல்லாமே போல்ட்டால் கோத்தவை. நல்ல போல்ட் இருந்தால் ரெண்டு ஆள் ஒரு நாளில் முழு உடம்பையும் இறக்கிவிடலாம். போல்ட் கெட்டுப்போனால் வண்டி முழுக்க அங்கங்கே கிறீச்சிடும், கதவு பொருந்தாது.

கழற்றும்போது ஒரு காரியத்தை முதல் நாளே சரியாகச் செய்தேன். ஃப்ரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டியை விரித்து, மேலிருந்து பார்த்தால் கார் எப்படித் தெரியுமோ அப்படி மார்க்கரால் வரைந்தேன். எந்த இடத்தில் எந்த போல்ட் கழன்றதோ, அட்டையில் அதே இடத்தில் ஆணியால் ஓட்டை போட்டு அதைச் செருகினேன். வாஷர், நட்டு எல்லாம் இருந்த வரிசையிலேயே பின்பக்கம் மாட்டினேன். முறிந்த போல்ட்டின் தலையைக்கூட விடவில்லை. பிளாஸ்டிக் கவரில் போட்டு எழுதி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். நீளம் எங்கே மாறுகிறது, எங்கே பெரிய வாஷர் வருகிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

ஸ்பானரில் முதல் சிக்கல். என்னிடம் இருந்தது மில்லி செட். அரை இஞ்ச் தலைக்கு 13 மில்லி ஓரளவு பிடிக்கும், ஏனென்றால் அரை இஞ்ச் 12.7 மில்லி. முக்கால் இஞ்சுக்கு 19 சரியாகவே உட்காரும். ஆனால் 9/16 இஞ்ச் தலை 14.3 மில்லி. 14 நுழையாது, 15 லூசு. 15-ஐப் போட்டு ரெண்டு தலையை உருட்டிவிட்டேன். பிறகு, அம்பாசடர் வேலை பார்த்து வந்த ஒரு மெக்கானிக் தொழிலை விடுகிறார் என்று கேள்விப்பட்டு, அவரிடம் இஞ்ச் ரிங் ஸ்பானர் செட்டை 800 ரூபாய்க்கு வாங்கினேன். முதலிலேயே வாங்கியிருக்க வேண்டியது.

இறுகிப்போன போல்ட்டுகளுக்கு டீசல், மண்ணெண்ணெய், கடையில் விற்கும் ஸ்பிரே எல்லாம் அடித்துப் பார்த்தேன். வண்டல் இறுகிய இடத்தில் எதுவும் உள்ளே இறங்கவில்லை. வேலை செய்தது மெழுகுவத்தி. பெட்ரோல் டேங்கைக் கழற்றி வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, கேஸ் டார்ச்சால் நட்டைச் சுற்றிச் சூடாக்க வேண்டும். சிவக்க வேண்டாம், மெழுகு பட்டதும் புகைந்து உருகுகிற சூடு போதும். மெழுகைப் போல்ட்டும் நட்டும் சேரும் விளிம்பில் வைத்தால் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மரைக்குள், அதாவது திருகுப் பல்லுக்குள், போய்விடும். ஒரு நிமிடம் விட்டு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலிழை திருப்பி, பிறகு கழற்றும் பக்கம் திருப்ப வேண்டும். உடம்பைச் சேஸோடு பிடிக்கும் போல்ட்டுகளில் பாதி இப்படித்தான் உயிரோடு வந்தன. மீதி முறிந்தன.

இனி புதுசு வாங்க வேண்டும். முறியாத ஒன்றை எடுத்து, தடிமன் அளக்கும் வெர்னியரில் பிடித்தேன். 7.8 மில்லி காட்டியது. வண்ணார்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடையில் காட்டினேன். "இது ரெண்டரை நூல் சார், இப்ப அது வாரதில்ல. எட்டு மில்லியும் அதுவும் ஒண்ணுதான்" என்று கையில் நாற்பது எம்8 போல்ட்டைக் கொடுத்தார்கள். அதையும் வெர்னியரில் பிடித்தேன். அதே 7.8. நம்பிவிட்டேன்.

நம் ஊர் நூல் கணக்கில் ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. ரெண்டரை நூல் 5/16 இஞ்ச், அதாவது 7.94 மில்லி. எட்டு மில்லிக்கும் அதற்கும் தடிமனில் இருக்கும் வித்தியாசம் தலைமுடி அளவுகூட இல்லை. வித்தியாசமெல்லாம் மரையில் இருக்கிறது. ஹெரால்டின் மரை யூஎன்எஃப், அதாவது யூனிஃபைடு வகையில் நுண் மரை, ஒரு இஞ்சுக்கு 24 பல். எம்8-ல் பல்லுக்குப் பல் 1.25 மில்லி, ஒரு இஞ்சுக்கு இருபதுதான் வரும். முதல் ரெண்டு சுற்று ரெண்டுக்கும் பொதுவாக ஏறிவிடும். மூன்றாவது சுற்றில் பல்லின் மேல் பல் ஏறும்.

எனக்கு அப்போது இது தெரியாது. பின் இருக்கைக்குக் கீழே இருந்த துளையில் எம்8-ஐ ஏற்றினேன். ரெண்டு சுற்றில் நின்றது. வண்டல் இருக்கும் என்று நினைத்து ராட்செட்டை மாட்டித் திருப்பினேன். நன்றாக இறுகியது. நல்லபடியாக உட்கார்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். நாலாவது போல்ட்டில் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் போல்ட் எந்தப் பக்கம் திருப்பினாலும் சும்மா சுற்றியது, இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. தகட்டுக்குப் பின்னால் சின்னக் கூண்டுக்குள் நட்டு உட்கார்ந்திருக்கும். அந்தக் கூண்டின் வெல்டிங் விட்டுப்போய், நட்டும் போல்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறது. கை நுழையாத இடம். கிரைண்டரால் தலையை வெட்டி, தகட்டை மூன்று பக்கம் கீறி மடக்கித் திறந்துதான் அதை எடுக்க முடிந்தது. முதல் மூன்றும் மட்டும் தப்பித்தனவா என்றால் இல்லை. கழற்றிப் பார்த்தபோது நட்டின் பல் சுருண்டு கம்பிச் சுருளாக வெளியே வந்தது. ஒரு மாலை வேலையில் நாலு நட்டு போயிற்று. ஐம்பது வருடம் தாங்கிய நட்டுகள் அவை.

மறுநாள் அந்தச் சுருளையும் ரெண்டு போல்ட்டையும் எடுத்துக்கொண்டு பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே இருக்கும் அண்ணாச்சிக்கு எழுபது வயது இருக்கும். நான் வெர்னியரை நீட்டினதும், "தம்பி, தடிமனை என்னத்துக்கு அளக்குதிய? பல்லை எண்ணுங்க" என்றார். பழைய போல்ட்டையும் எம்8-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மரையோடு மரை பதியும்படி அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். ஒரு ஓரத்தில் பல் பதிந்திருந்தது. நடுவில் பார்த்தால் பல்லும் பல்லும் முட்டிக்கொண்டு, இடையில் வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது. அப்புறம் தன் மேசையிலிருந்து வேறொரு பழைய போல்ட்டை எடுத்து அதே மாதிரி பிடித்தார். ஒரு துளி வெளிச்சம் வரவில்லை. "இதுதான் உங்க வண்டி."

கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. ஒரே ஒரு நல்ல மாதிரி போல்ட் கையில் இருந்தால் போதும். நான் அன்றைக்கே 280 ரூபாய்க்கு, பல் இடைவெளியைப் பொருத்திப் பார்க்கும் பிட்ச் கேஜும் ஒன்று வாங்கிவிட்டேன், இஞ்ச் இலைகளும் மில்லி இலைகளும் சேர்ந்தது.

அண்ணாச்சி இன்னொன்றும் காட்டினார். என் அட்டையிலிருந்து ஒரு பழைய நட்டை எடுத்துத் துடைத்தார். ஆறு பக்கத்தில் ஒரு பக்கத்தில் மட்டும் சின்னச் சின்ன வட்டம் ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாகப் பொறித்திருந்தது. அது இருந்தால் யூனிஃபைடு மரை என்று அர்த்தம். ஏழு வாரமாக அந்த நட்டுகளைக் கையில் வைத்திருந்தேன், ஒரு நாளும் அதைக் கவனித்ததில்லை.

அவரிடம் வாங்கின பாடத்தோடு ஹார்டுவேர் கடைகளில் மறுபடி ஏறி இறங்கினேன். "இஞ்ச் போல்ட் இருக்கு" என்று எடுத்துக் கொடுத்ததெல்லாம் 18 பல். கேட், ஜன்னல் வேலைக்கு ஓடும் பரு மரை அது. தடிமன் சரியாக இருந்தாலும் உதவாது. ஹெரால்டு சாமான் தேடி ஹெரால்டு வழியாகவே போனால் கிடைக்காது, அதே மரையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி எது என்று யோசிக்க வேண்டும் என்று அண்ணாச்சிதான் சொன்னார். டிராக்டர்! மாசி ஃபெர்குசன் இங்கிலாந்து வழி வந்தது. நம் பக்கத்து வயலில் நெல் நடவுக்கு உழுகிற வண்டியில் பாதி அதுதானே.

அம்பாசமுத்திரம் போகிற வழியில் ஒரு டிராக்டர் ஸ்பேர்ஸ் கடை. "ரெண்டரை நூல், ஃபைன் திரெட், ஹைடென்சில்" என்று கேட்டேன். கடைக்காரர் எதுவும் கேட்காமல் மரப்பெட்டியை இழுத்து முன்னால் வைத்தார். முக்கால் இஞ்சிலிருந்து மூன்று இஞ்ச் வரை நீளம் நீளமாக, எண்ணெய்த் தாள் சுற்றி. தலையில் மூன்று கோடு, கிரேடு 5. பலத்தில், மில்லி கணக்கில் 8.8 என்று தரம் குறித்த போல்ட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். கடையில் நின்றே ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒன்றை எடுத்துப் பிட்ச் கேஜில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரருக்கு அதில் வருத்தம் இல்லை, "பாத்துத்தான் எடுக்கணும்" என்றார். கால் இஞ்ச் 28 பல், ரெண்டரை நூலும் மூணு நூலும் 24 பல், அரை இஞ்ச் 20 பல். போல்ட், நட்டு, நைலாக் நட்டு, ஸ்பிரிங் வாஷர் எல்லாம் சேர்த்து 2,340 ரூபாய்.

கூண்டு நட்டுகளைத் திருத்துவதுதான் நீண்ட வேலை. முதலில் தப்பித்திருந்த பழைய நட்டுகளுக்கு, மரை வெட்டும் கருவியான டேப்பை, 5/16 யூஎன்எஃப் அளவில் ஓட்டினேன். டேப் செட்டும் ஒரு டையும் 1,150 ரூபாய். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஓட்டினால், கறுத்த வண்டல் தூள் மரையிலிருந்து மாவு மாதிரி உதிர்கிறது. ஒவ்வொரு துளைக்கும் பத்து நிமிடம். நடுவில் சைக்கிள் பம்பால் ஊதி விட்டேன். அந்தத் தூளோடு புதுப் போல்ட்டை ஏற்றியிருந்தால் இன்னும் ரெண்டு நட்டு போயிருக்கும்.

நான் கெடுத்த நாலுக்கும் புதிதாகச் செய்தோம். 6 மில்லி பட்டைக் கம்பியில் 25 மில்லி சதுரமாக வெட்டி, நடுவில் 6.9 மில்லி துளை போட்டு 24 பல் மரை போட்டார் அண்ணாச்சி. அதைச் சுற்றி 16 கேஜ் தகட்டில் ஒரு கூண்டு. அந்தக் கூண்டுக்குள் சதுரம் எல்லாப் பக்கமும் ரெண்டு மில்லி நகர வேண்டும் என்று அவர் பிடிவாதமாகச் சொன்னார். எனக்கு அது அநாவசியமாகப் பட்டது. உடம்பை இறக்கி வைத்தபோதுதான் புரிந்தது. சேஸ் துளையும் உடம்புத் துளையும் எந்த வண்டியிலும் அச்சு அசலாக நேருக்கு நேர் வராது. நட்டு கொஞ்சம் நகர்ந்து கொடுத்தால்தான் போல்ட் விரலாலேயே ஏறும். நட்டை நேராகத் தகட்டில் வெல்டு அடித்திருந்தால் நான் திரும்பவும் ராட்செட்டால் நெருக்கியிருப்பேன். லேத் கூலி 1,200, வெல்டிங் 700.

நடுவில் எவர்சில்வர் போல்ட் ஆசை ஒன்று வந்தது. துருவே பிடிக்காதே, வெள்ளம் வந்தாலும் கவலை இல்லையே என்று இணையத்தில் யூஎன்எஃப் மரையிலேயே வரவழைத்தேன். முதல் எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டை ஏற்றும்போது நாலாவது சுற்றில் ரெண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன. வெட்டித்தான் எடுத்தேன். அதைவிட முக்கியம் பலம். சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 எவர்சில்வர் 700 மெகாபாஸ்கல் தாங்கும், 8.8 ஸ்டீல் 800. சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டீயரிங் இருக்கும் இடத்தில் அழகுக்காக அந்த நூறை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நம்பர் பிளேட்டுக்கும் உள் மேட் பிடிப்புக்கும் மட்டும் அவற்றைப் போட்டேன். எம்8-ம் இதுவும் சேர்ந்து வீண் செலவு 1,630.

சஸ்பென்ஷனில் இன்னொரு தவறை மயிரிழையில் தவிர்த்தேன். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டுக்கு நீளம் சரியாக ஒன்று இருந்தது. ஆனால் அது தலை வரைக்கும் மரை ஓடியது. பழையதில் முக்கால்வாசி வழுவழுப்பான தண்டு, நுனியில் மட்டும் மரை. மருமகன் அட்டையிலிருந்து பழையதை உருவிப் பக்கத்தில் வைத்து, "மாமா, இதுல பல்லே இல்லையே" என்று சொன்னபிறகுதான் பார்த்தேன். மரை இருக்கும் இடத்தில் போல்ட் மெலிந்திருக்கும், பல்லின் அடியில்தான் விரிசல் தொடங்கும், புஷ்ஷையும் அது அரம் மாதிரி தேய்க்கும். சுமை குறுக்கே வருகிற இடத்தில் தண்டுதான் நிற்க வேண்டும். நீளமான பாதி மரை போல்ட்டை வாங்கி, நட்டுக்கு வெளியே ரெண்டு மூன்று பல் நீட்டும்படி நுனியை வெட்டி அரத்தால் சாய்த்தேன்.

எக்சாஸ்ட் மேனிஃபோல்டை எஞ்சின் ஹெட்டோடு பிடிக்கும் ஸ்டட்டுகளில் (ரெண்டு முனையிலும் மரை, தலை கிடையாது) ஒன்று ஹெட்டின் மட்டத்திலேயே முறிந்தது. நடுவில் துளை போட்டு, முறிந்த துண்டைக் கவ்வி எடுக்கும் ஈசி அவுட்டை நுழைத்துத் திருப்பினேன், அது உள்ளேயே முறிந்தது. ஈசி அவுட் துண்டு ரொம்பக் கடினம், சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது. கடைசியில் வெல்டிங் தம்பி வந்து, முறிந்த முகத்தின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் நடுத்துளை வழியாக வெல்டு நிரப்பினார். சிவப்பு ஆறினதும் ஸ்பானர் போட்டு மெதுவாக ஆட்டினார். வந்துவிட்டது. அந்தச் சூடுதான் பாதி வேலையைச் செய்கிறது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். புது ஸ்டட்டில் ஒரு விஷயம்: ஹெட்டுக்குள் போகும் பக்கம் பரு மரை, நட்டு ஏறும் பக்கம் நுண் மரை. ரெண்டு முனையையும் தனித்தனியாக எண்ணிவிட்டுத்தான் லேத்தில் கொடுத்தேன். மேலே பித்தளை நட்டு போட்டிருக்கிறேன், அடுத்த முறை சூட்டில் ஒட்டாது.

வீல் நட்டு பதினாறும் மூணு நூல் யூஎன்எஃப். டிராக்டர் கடையில் கூம்பு முகம் வைத்தது இல்லை. நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போய் புதுப்பேட்டையில் ஒரு பகல் முழுக்க நடந்து, ஒரே ரகமாகப் பதினாறு பொறுக்கினேன். இன்னும் சில கதவுத் திருகுகளும் சேர்த்து 1,850. ரயில் செலவை இதில் சேர்க்கவில்லை. எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் நண்பருடையது. வீல் நட்டுக்கு 55 நியூட்டன் மீட்டர், உடம்பு போல்ட்டுகளுக்கு 22.

பழைய போல்ட்டுகளில் நல்லதாக இருந்த சின்னவற்றை எலுமிச்சை உப்பில் ஊறவைத்தேன், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், ஒரு ராத்திரி. காலையில் சாம்பல் நிறத்தில் சுத்தமாக வந்தன. சமையல் சோடாத் தண்ணீரில் அலசி உடனே எண்ணெய் பூச வேண்டும், இல்லையென்றால் அரை மணி நேரத்தில் மஞ்சள் துரு ஏறிவிடும். சஸ்பென்ஷன் போல்ட் எதையும் அதில் போடவில்லை. கடினமான போல்ட்டுக்குள் அமிலத்தால் ஹைட்ரஜன் புகுந்தால் சுமையில் சட்டென்று உடையும். அவற்றுக்குக் கம்பி பிரஷும் மண்ணெண்ணெயும்தான்.

மொத்தக் கணக்கு 9,950 ரூபாய். அதில் எம்8, எவர்சில்வர், நான் கெடுத்த நட்டுகளுக்கான லேத், வெல்டிங் கூலி எல்லாம் சேர்த்தால் மூவாயிரத்துக்கு மேல் தவிர்த்திருக்கக்கூடிய செலவு. இன்னொரு வண்டி எடுத்தால் முதல் நாள் வாங்குவது பிட்ச் கேஜும் இஞ்ச் ஸ்பானரும். கழற்றும்போதே அட்டையில் ஒவ்வொரு போல்ட்டுக்குப் பக்கத்திலும் பல் எண்ணிக்கையை எழுதிவிடுவேன். போல்ட் முறிந்த இடத்தில் ஈசி அவுட்டைத் தொடமாட்டேன். நாற்பது போல்ட் ஒரேயடியாக வாங்காமல், ஒன்றை வாங்கி வந்து விரலால் ஏற்றிப் பார்த்துவிட்டு மீதிக்குப் போவேன்.

அட்டையில் இன்னும் ஒரு பகுதி நிரம்பித்தான் இருக்கிறது, கியர்பாக்ஸ் மூடியின் திருகுகளும் டாஷ்போர்டுக்குப் பின்னால் வயர் முனைகளில் இருந்த பொடித் திருகுகளும். வயர் திருகுகள் 4.7 மில்லி, அவற்றின் பல் என் கேஜில் எந்த இஞ்ச் இலையிலும் சரியாகப் பதியவில்லை. பழைய மின்சாமான்களில் வரும் பிஏ மரையாக இருக்கும் என்கிறார் அண்ணாச்சி. வருகிற சனிக்கிழமை அவர் பழைய மீட்டர் பெட்டி ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார், நான் வெளிச்சம் வருவதற்குள் போக வேண்டும்.